பூக்கடைப் பையனும் 35,000 ரூபாய் டிப்ளமாவும்: 31 வயதில் குழந்தை உளவியலுக்கு வரலாமா?

வியாசர்பாடி டியூஷன்:

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை மாதமும் இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 31 வயது, பி.எஸ்சி. கணக்கு. கல்யாணத்துக்கு முன் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் இரண்டு வருடம் இருந்தேன். பிறகு ஆறு வருடமாக வீட்டிலேயே டியூஷன். ஒன்றாவது முதல் எட்டாவது வரை 22 பிள்ளைகள். ஹாலில் பாய் விரித்தால் சமையலறை வாசல்வரை உட்காருவார்கள். குக்கர் விசில் சத்தத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பார்கள். மாதம் 400 ரூபாய். கொடுக்க முடியாதவர்களிடம் கேட்பதில்லை.

இதில் நாலாவது படிக்கிற பையன் ஒருவன், 9 வயது. அவன் அப்பா தள்ளுவண்டியில் பூ விற்கிறார். சாயங்காலத்தில் இவன்தான் வண்டியில் நிற்பான். போன மாதம் நானே பூ வாங்கினேன். முழம் 30 ரூபாய், மூன்று முழம் கேட்டு 200 ரூபாய் நோட்டு கொடுத்தேன். வாழைநாரில் பூவைச் சுற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமலேயே, "நூத்திப்பத்து தரணும், சில்லறை இருங்க டீச்சர்" என்றான். மறுநாள் டியூஷனில் அதே கணக்கைக் கொடுத்தேன். 200-இல் 90 கழி. அரை மணி நேரம் பென்சிலைக் கடித்தான். 90-ஐ 09 என்று எழுதினான், அழித்தான், 60 என்று எழுதினான். நோட்டு ஓட்டையாகிற அளவுக்கு அழித்தான். அப்புறம் தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று எழுந்தவன் வீட்டுக்கே ஓடிவிட்டான்.

பள்ளியில் அவனுக்கு "மக்கு" என்று பெயர். அப்பாவோ, "வேணும்னே பண்றான், நாலு போடுங்க டீச்சர்" என்கிறார். மக்கு என்றால் வண்டியில் எப்படிச் சொன்னான்? இந்தக் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. யூடியூபில் தேடித் தேடிப் பார்த்து, கடைசியில் இந்தப் படிப்பையே படித்தால் என்ன என்கிற இடத்துக்கு வந்து நிற்கிறேன்.

மூன்று கேள்விகள்:

ஆன்லைனில் ஆறு மாத "குழந்தை உளவியல் டிப்ளமா", 35,000 ரூபாய். முடித்ததும் சொந்தமாக க்ளினிக் வைக்கலாம் என்கிறார்கள். ஆஃபர் இந்த ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறதாம். சேரலாமா?

இந்த வயதில், யுகேஜி படிக்கும் மகளை வைத்துக்கொண்டு, முறையாகப் படிக்க முடியுமா? வீட்டுக்காரர் அம்பத்தூரில் லேத் பட்டறையில் வேலை செய்கிறார். "படி, ஆனா கடன் வாங்காதே" என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பையனுக்கு இப்போதைக்கு நான் என்ன செய்ய?

ஹெச்ஆருக்குப் போனவன்:

எம்.எஸ்சி. சைக்காலஜி முடித்தவன் என்ற முறையில் இரண்டே வார்த்தை. டிப்ளமா வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஆஃபர் முடிகிற இடத்தில் சோபா வாங்கலாம், படிப்பு வாங்கக் கூடாது.

முறையாகப் படித்தாலும் எம்.எஸ்சி.யோடு நின்றால் என் கதைதான். எங்கள் வகுப்பில் 30 பேர். இன்றைக்குக் குழந்தைகளோடு வேலை செய்பவர்கள் நாலு பேர். நான் ஓஎம்ஆரில் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிறேன். சம்பளம் பரவாயில்லை. ஆனால் சேரும்போது நினைத்தது இது இல்லை. வீட்டில் மாதா மாதம் ஒரு வருமானம் உறுதியாக வருமா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

தரையில் உட்காருபவள்:

க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட். இந்த வேலையில் 16 வருடம், அதில் 11 வருடம் குழந்தைகளோடு மட்டும். அண்ணா நகர் பக்கம் இருக்கிறேன்.

அந்த 35,000-ஐ மகளின் பேரில் போட்டு வையுங்கள். இந்தியாவில் க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று பலகை மாட்ட, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். ஆர்சிஐ என்போம். 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்குகிறது. பதிவு செய்தவருக்கு சிஆர்ஆர் எண் என்று ஒன்று தருவார்கள். ஆறு மாத டிப்ளமாவுக்கு அந்த எண் வராது. எண் இல்லாதவர் கையெழுத்துப் போட்ட அறிக்கையை மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்காக எடுத்துப்போகும் பெற்றோர், கவுன்ட்டரில் திருப்பி அனுப்பப்பட்டு என்னிடம் வருவார்கள். கையில் அழகாக லேமினேட் செய்த காகிதம் இருக்கும். பணமும் போய் நாளும் போயிருக்கும்.

முறையான வழி இதுதான்: முதலில் எம்.ஏ. அல்லது எம்.எஸ்சி. சைக்காலஜி, இரண்டு வருடம். உங்கள் பி.எஸ்சி. கணக்கை வைத்துச் சேர முடியுமா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும், விண்ணப்பப் பணம் கட்டும் முன் போன் போட்டுக் கேளுங்கள். சென்னைப் பல்கலைக்கழகம், மாநிலக் கல்லூரி, பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரி, கவுன்சலிங் பக்கம் என்றால் எழும்பூரில் இருக்கும் எம்எஸ்எஸ்டபிள்யூ (மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க்), இந்த நாலிலிருந்து விசாரிக்க ஆரம்பிக்கலாம். வீட்டிலிருந்தே அஞ்சல் வழியில் படிக்கலாம் என்று யாராவது சொன்னால் அது பழைய கதை. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து சைக்காலஜியைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, அறிவித்துவிட்டது.

அதற்கு மேல் நான் படித்தது எம்.ஃபில். க்ளினிக்கல் சைக்காலஜி, இன்னும் இரண்டு வருடம், முழுக்க ஆஸ்பத்திரியில். புதிய கல்விக் கொள்கையில் எம்.ஃபில். என்பதையே எடுத்துவிட்டார்கள். க்ளினிக்கல் சைக்காலஜி, மனநல சமூகப்பணி இரண்டுக்கு மட்டும் 2025-26 வரை சேர்க்கையை நீட்டித்தார்கள். நீங்கள் முதுகலை முடித்து வரும்போது படிப்பின் பெயர் மாறியிருக்கும். பெயரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். "ஆர்சிஐ அங்கீகாரம், நான் சேரும் ஆண்டுக்கு இருக்கிறதா?" என்ற ஒரு கேள்வியை மட்டும் விடாதீர்கள். ஆர்சிஐ இணையதளத்திலேயே கல்லூரிப் பட்டியல் இருக்கும். நம் பக்கத்தில் முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் நிறுவனம் இருக்கிறது, நீப்மெட் என்பார்கள், போரூரில் ஸ்ரீ ராமச்சந்திரா இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் எல்லோரும் கேள்விப்பட்டதுதான். இடம் எங்கேயுமே கொஞ்சம்தான். எனக்கு இரண்டாவது வருடம் விண்ணப்பித்தபோதுதான் கிடைத்தது. ஆக, நாலு வருடம் என்று போட்டால் ஐந்து ஆகும். முடிக்கும்போது உங்களுக்கு 36, 37. என்னோடு படித்தவர்களில் மூத்தவருக்கு அப்போது 41. வார்டில் அம்மாக்கள் எல்லோரும் அவரைத்தான் தேடிப் போவார்கள். நாங்கள் சின்னப் பெண்கள், எங்களிடம் "உங்களுக்குக் கல்யாணம் ஆச்சா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

இனி வேலையைப் பற்றி. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

பயிற்சிக் காலத்தில் ஒரு ஆறு வயதுப் பையனுக்கு அறிவுத்திறன் சோதனை செய்தேன். பினே-காமத் என்று நம் ஊரில் பல காலமாகப் புழங்கும் சோதனை. கேட்டதற்கெல்லாம் மேசையையே பார்த்தான். ஒரு விரலால் மேசை விளிம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். விதிப்படி மதிப்பெண் போட்டேன், கூட்டினேன், மிகக் குறைவாக வந்தது. அறிக்கையும் எழுதிவிட்டேன், நல்ல ஆங்கிலத்தில். எங்கள் மேடம் அதைப் படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "பையன் சாப்பிட்டானா?"

எனக்குத் தெரியவில்லை. வெளியே போய்க் கேட்டேன். ஓ.பி. சீட்டுக்காகத் திருவொற்றியூரிலிருந்து விடிகாலையிலேயே கிளம்பியிருக்கிறார்கள். மணி அப்போது பதினொன்றரை. கேன்டீனில் நாலு இட்லி வாங்கிக் கொடுத்து, ஜன்னல் வழியாக ஆம்புலன்ஸ் எண்ணி விளையாடினோம். ஆம்புலன்ஸை அவன்தான் எண்ணினான், இருபத்துமூன்று வரை. இன்னொரு நாள் வரச்சொல்லி வேறொரு சோதனை வைத்தபோது அவன் வயதுக்குச் சரியாக வந்தது. என் முதல் அறிக்கையை மேடம் கிழிக்கவில்லை. "வெச்சுக்கோ" என்று என்னிடமே கொடுத்துவிட்டார். இன்னும் என் மேசை டிராயரில் இருக்கிறது.

பியாஜே என்ற உளவியலாளரின் பெயர் முதல் வருடப் பாடத்திலேயே வரும். அவர் பாரிஸில், அறிவுத்திறன் சோதனைகளை உருவாக்கிய பினேயின் ஆய்வகம் இருந்த பள்ளியில் இளைஞராக வேலைக்குச் சேர்ந்தார். குழந்தைகளின் சரியான விடைகளை எண்ணுவதுதான் வேலை. அவருக்குத் தப்பான விடைகள்தான் பிடித்துப்போயின. ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே மாதிரி தப்பு செய்கிறார்களே, உள்ளே ஏதோ ஒரு கணக்கு ஓடுகிறதே என்று யோசித்தார். அங்கே தொடங்கியதுதான் பிற்பாடு வந்ததெல்லாம்.

இதை நீங்கள் வீட்டிலேயே பார்க்கலாம். இரண்டு டவராவில் ஒரே அளவு தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டும் சமம்தானே என்று உங்கள் யுகேஜி மகளிடம் கேட்டு, அவள் ஆமாம் என்ற பிறகு, அவள் கண்ணெதிரே ஒன்றை உயரமான, ஒடுக்கமான டம்ளரில் ஊற்றி, "இப்ப எதுல அதிகம்?" என்று கேளுங்கள். டம்ளரைக் காட்டுவாள். திட்டாதீர்கள், திருத்தாதீர்கள். ஏழு வயதுவாக்கில் தானாகவே, "அதே தண்ணிதான்மா" என்று உங்களைப் பார்த்துச் சிரிப்பாள். "ஏன் அப்படிச் சொல்றே?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டு இருக்க முடிகிறதா என்று பாருங்கள். எனக்கு அது வர மூன்று வருடம் ஆனது. டியூஷன் டீச்சருக்கு இன்னும் கஷ்டம், சொல்லிக் கொடுத்துப் பழகிய வாய்.

இன்னொன்று. பயிற்சிக்கு வரும் பெண்கள் எல்லோரும் "எனக்குக் குழந்தைங்கன்னா ரொம்பப் பிடிக்கும் மேம்" என்கிறார்கள். நல்லது. என் நாளில் பாதிக்கு மேல் பெரியவர்களோடுதான் போகிறது. குழந்தை என் அறையில் வாரம் ஒரு மணி நேரம். மிச்ச நேரமெல்லாம் அம்மா, அப்பா, பாட்டி, வகுப்பு டீச்சர். மகனுக்கு ஆட்டிசம் இருக்கலாம் என்று சொன்னதும் எழுந்து நின்று, "உங்க ஃபீஸ் எவ்வளவு?" என்று பர்ஸை எடுக்கிற அப்பாவின் எதிரே கோபப்படாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் போய்விடுவார். எட்டு மாதம் கழித்துத் திரும்பி வருவார். அன்றைக்கு "ஏன் முன்னாடியே வரலை?" என்று கேட்காமல் இருக்க வேண்டும். மாதம் 400 ரூபாய் கேட்காமல் விட்டவர் நீங்கள், இந்தப் பக்கம் உங்களுக்கு வரும் என்று நினைக்கிறேன்.

பணம்: என் முதல் சம்பளம் 18,000. ஹெச்ஆர் தம்பி சொன்னது நிஜம். ஐந்தாறு வருடம் கழித்துத்தான் மூச்சு விட முடிந்தது.

பையனைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், இப்போது அடுத்த குழந்தை வந்துவிட்டது.

வியாசர்பாடி டியூஷன்:

மேடம், ரொம்ப நன்றி. படித்துவிட்டு வீட்டுக்காரரிடம் காட்டினேன். "இட்லி வாங்கிக் குடுத்தாங்களே, அந்தம்மா நல்லவங்க" என்றார்.

டிப்ளமா ஆளிடம் சிஆர்ஆர் எண் வருமா என்று கேட்டேன். "அது கவர்மென்ட் வேலைக்குத்தான் மேடம் தேவை" என்றார். பிறகு 35,000-ஐ 19,000 ஆக்கினார். நம்பரை பிளாக் செய்துவிட்டேன்.

ஐந்து வருடம் என்பதுதான் நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. பகலில் கல்லூரி என்றால் டியூஷன் சாயங்காலம் மட்டும் எடுக்கலாம், சமாளிக்கலாம். மகளுக்கு அம்மா வீடு பெரம்பூரில்தான். இருந்தாலும், இதைவிடக் குறைந்த காலத்தில் பிள்ளைகளுக்கு உதவுகிற மாதிரி வேறு படிப்பு இருக்கிறதா?

முட்டுக்காட்டுக்கு அலைந்த அப்பா:

நான் படித்தவன் இல்லை இந்தத் துறையில், ஒரு அப்பா. பேங்கில் கேஷியர். மகனுக்கு 11 வயது, ஆட்டிசம். மேடம் சொன்ன, பர்ஸை எடுத்த அப்பா நானாகவே இருக்கலாம். நானும் எடுத்தேன்.

இரண்டு வயதில் பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டான். ஆனால் பக்கத்து அறையில் சிப்ஸ் பாக்கெட் பிரிக்கிற சத்தம் கேட்டால் ஓடி வருவான், அதனால் காதில் கோளாறு இல்லை என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். எதையும் விரல் நீட்டிக் காட்ட மாட்டான், என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஃப்ரிட்ஜில் வைப்பான். என் அம்மா, "நீயும் மூணு வயசுலதான்டா பேசினே" என்றார். அதைப் பிடித்துக்கொண்டு ஒன்றரை வருடம் ஓட்டிவிட்டோம். 16 முதல் 30 மாதம் வரையிலான குழந்தைகளுக்கு எம்-சாட் என்று 20 கேள்விகள் உள்ள ஒரு படிவம் இருக்கிறது, அம்மா அப்பாவே ஆமாம், இல்லை என்று நிரப்பலாம், அதை வைத்தே மேற்கொண்டு பார்க்க வேண்டுமா என்று சொல்லிவிடுவார்கள் என்பது எனக்குத் தெரிந்தபோது மகனுக்கு மூன்றரை வயது.

பிறகு அலைந்தது தனிக் கதை. ஒரு இடத்தில் ஸ்டெம்செல் ஊசி போட்டால் பேச்சு வரும் என்றார்கள். ஆட்டிசத்துக்கு அது நிரூபிக்கப்பட்ட சிகிச்சையே இல்லை. எனக்கு அப்போது அது தெரியாது. பி.எஃப். பணத்தை எடுத்துக் கட்டினேன். பேச்சு வரவில்லை.

சகோதரி, நீங்கள் இந்த வேலைக்கு வருகிறேன் என்கிறீர்கள், அதனால் ஒன்றை மட்டும் எழுதுகிறேன். நிறையப் பேர் என் மகனைப் பார்த்திருக்கிறார்கள். உள்ளே போனதும் "ஹாய் செல்லம், உன் பேர் என்ன, ஆன்ட்டிக்கு ஷேக் ஹேண்ட் குடு" என்று ஆரம்பிப்பார்கள். அவன் காதைப் பொத்திக்கொள்வான். முட்டுக்காட்டில் ஒரு பயிற்சிப் பெண், இருபத்துநாலு வயதுகூட இருக்காது. முதல் நாள் அவனிடம் ஒன்றுமே பேசவில்லை. அவன் தண்ணீர் பாட்டில் மூடியைத் தரையில் சுழற்றிக்கொண்டிருந்தான். அந்தப் பெண் தன் பாட்டில் மூடியைக் கழற்றி, அவனுக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து, தானும் சுழற்றியது. அரை மணி நேரம். எனக்குள் எரிச்சல், இதற்கா திருவான்மியூரில் பஸ் மாறி வந்தோம் என்று. மூன்றாவது வாரம் அந்தப் பெண்ணின் மூடி உருண்டு சோபாவுக்கு அடியில் போய்விட்டது. என் மகன் குனிந்து எடுத்து அதன் கையில் கொடுத்தான். அதுவரை அவன் யாருக்கும் எதுவும் கொடுத்தது கிடையாது.

நான் கார் பார்க்கிங்கில் நின்று அழுதேன். (கார் என்னுடையது இல்லை, நிற்க அங்கேதான் நிழல்.)

அந்தப் பெண்தான் மாற்றுத்திறனாளிகளுக்கான யுடிஐடி அடையாள அட்டைக்கு எப்படி விண்ணப்பிப்பது, தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் வரை கிடைக்கும் என்பதையெல்லாம் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தது. பெரிய க்ளினிக்குகளில் யாரும் சொன்னதில்லை.

ஸ்பெஷல் எட் 09:

குறைந்த காலப் படிப்பு கேட்டீர்கள். பி.எட். ஸ்பெஷல் எஜுகேஷன், இரண்டு வருடம், உங்கள் பி.எஸ்சி.யோடு விண்ணப்பிக்கலாம், இதற்கும் ஆர்சிஐ பதிவு உண்டு. நான் அதைத்தான் படித்தேன். கணக்கு டிகிரியோடு வருபவர்கள் எங்களிடம் ரொம்பக் குறைவு, உங்களைத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

ஆனால் இது வேறு வேலை என்பதைத் தெரிந்துகொண்டு வாருங்கள். அந்தப் பையனுக்கு என்ன இருக்கிறது என்று சோதித்து எழுதுவது சைக்காலஜிஸ்ட். எழுதிய பிறகு தினம் உட்கார்ந்து அவனுக்கு 90-க்கும் 09-க்கும் வித்தியாசம் புரிய வைப்பது நாங்கள். மணலில் எழுதுவோம், தீக்குச்சியைப் பத்துப் பத்தாகக் கட்டுவோம். பேச்சுக்கு ஸ்பீச் தெரபிஸ்ட், உடம்பின் ஒருங்கிணைப்புக்கு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். பெற்றோருக்கு எல்லோருமே "டாக்டர்" தான். திருத்தித் திருத்தி நான் விட்டுவிட்டேன்.

நான் சமக்ர சிக்ஷா என்ற அரசுப் பள்ளிக் கல்வித் திட்டத்தில் இருக்கிறேன், வட்டார வள மையம் மூலம் அரசுப் பள்ளிகளுக்குப் போவோம், வர முடியாத பிள்ளைகளுக்கு வீட்டுக்கே போவோம். தொகுப்பூதியம். பஸ் செலவு கையைக் கடிக்கும். மழைக்காலத்தில் புளியந்தோப்பில் முழங்கால் தண்ணீரில் ஒரு பெண் குழந்தையின் வீட்டுக்குப் போயிருக்கிறேன், கட்டிலில் உட்கார வைத்து வண்ண மணி கோக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு அதே தண்ணீரில் திரும்பினேன். இந்த வேலை பிடித்திருக்கிறது. வீட்டுக்குத் தெரியாமல் இரண்டு டியூஷனும் எடுக்கிறேன்.

தரையில் உட்காருபவள்:

முட்டுக்காடு அப்பா எழுதியதை என் பயிற்சிப் பெண்களுக்குப் படித்துக் காட்டப் போகிறேன், அனுமதி உண்டுதானே சார்?

இப்போது பையன். யூடியூப் பார்த்தேன் என்கிறீர்கள், ஆகவே ஒரு பெயர் உங்கள் மனதில் ஏற்கெனவே வந்திருக்கும். அதை வெளியே சொல்லாதீர்கள், அவன் அப்பாவிடம் கண்டிப்பாக வேண்டாம். முதலில் கண், காது. எழும்பூர் கண் ஆஸ்பத்திரி உங்களுக்குக் கிட்டத்தில்தான். எண்ணைத் திருப்பி எழுதுகிற பிள்ளை கரும்பலகையைக் கண்ணை இடுக்கிப் பார்க்கிறதா என்று இத்தனை வருடத்தில் ஒரு டீச்சரும் கவனித்திருக்க மாட்டார். அது சரியாக இருந்தால் எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி. அங்கிருந்து சோதனைக்கு அனுப்புவார்கள்.

கற்றல் குறைபாடு என்று தெரிந்தால் அதுவும் சட்டத்துக்குள் வருகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஒன்று. எட்டு வயதுக்குப் பிறகுதான் இதற்குச் சோதித்துச் சான்றிதழ் தருவார்கள், அவனுக்கு ஒன்பது, சரியான நேரம். பத்தாவது பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் என்று சலுகைகள் உண்டு. கடைசி நிமிடத்தில் ஓடாமல் இருக்க இப்போதே தொடங்க வேண்டும்.

அப்பாவிடம் எப்படிப் பேசுவது என்றால், டியூஷனில் வைத்துப் பேசாதீர்கள். அங்கே அவர் குற்றவாளிக் கூண்டில் நிற்பதுபோல் நிற்பார். வண்டிக்குப் போங்கள், பூ வாங்குங்கள், மகன் மீதிச் சில்லறை சொல்லும்வரை காத்திருங்கள். பிறகு, "இவ்வளவு வேகமா கணக்குப் போடறவன் எழுதும்போது மட்டும் ஏன் திணர்றான், கண்ணை ஒருதரம் பார்த்துடலாமா அண்ணே?" என்று கேளுங்கள். "நாலு போடுங்க" என்பவருக்குப் பயம்தான், வேறொன்றும் இல்லை.

நீங்கள் படிப்பதா, எதைப் படிப்பது என்பதை இந்த மாதமே முடிவு செய்யத் தேவையில்லை. அனுமதி வாங்கிக்கொண்டு, சனிக்கிழமை காலையில் ஏதாவது சிறப்புப் பள்ளியில் தன்னார்வலராக ஆறு மாதம் போய்ப் பாருங்கள். கோட்டூர்புரத்தில் வித்யா சாகர் இருக்கிறது, 1985-இலிருந்து நடக்கிறது. வாய் கொப்பளிக்க வைப்பது, எச்சில் துடைப்பது, பெல்ட் மாட்டுவது. அதைச் செய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்.

வியாசர்பாடி டியூஷன்:

மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். காலாண்டுத் தேர்வு.

மேடம் சொன்னபடியே வண்டிக்குப் போனேன். இரண்டு முழம் கதம்பம், 100 ரூபாய் நோட்டு. அப்பா முதலில் சிரித்தார், பிறகு சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்கும் எழுத வராது டீச்சர். ஆறாவதோட நின்னுட்டேன். வண்டியில தப்பா சொன்னா அன்னிக்கு நஷ்டம், அதனால வாயால கத்துக்கிட்டேன்" என்றார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. புதன்கிழமை பூ வரத்து குறைவு, அன்றைக்குக் கண் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவரே நாள் சொன்னார். போனோம். கண்ணாடி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், லேசான பவர்தான். அது மட்டும் காரணமாக இருக்காது என்று அந்த டாக்டரம்மாவும் சொன்னார். குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு அடுத்த புதன்.

கல்லூரி இரண்டு இடத்தில் போன் போட்டேன். ஒன்றில் இளங்கலையிலும் சைக்காலஜி வேண்டுமாம், இன்னொன்றில் எந்தப் பட்டமும் போதும், நுழைவுத் தேர்வு உண்டு என்றார்கள். பி.எட். விண்ணப்பம் எப்போது வருகிறது என்றும் கேட்டு வைத்திருக்கிறேன். சனிக்கிழமைக்கு ஒரு சிறப்புப் பள்ளியில் வரச்சொல்லியிருக்கிறார்கள், இது வீட்டுக்கு அருகிலேயே.

அப்புறம் அந்த டவரா விஷயம். மகள் டம்ளரைத்தான் காட்டினாள். "உசரமா இருக்கு இல்ல?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன், அதிகபட்சம் பத்து விநாடி. டியூஷனிலும் வைத்துப் பார்த்தேன். ஒன்றாவது பிள்ளைகள் அடித்துப்பிடித்து டம்ளர் டம்ளர் என்றார்கள், மூன்றாவதில் இரண்டு பேர் குழம்பினார்கள். நம் பூக்கடைப் பையன் புதுக் கண்ணாடியை மூக்கில் தள்ளிவிட்டுக்கொண்டு டம்ளரையும் டவராவையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஏன்டா யோசிக்கிறே?" என்று கேட்டேன்.

"அதே தண்ணிதான் டீச்சர். ஆனா விக்கறதுன்னா டம்ளர்ல ஊத்தித்தான் விக்கணும்" என்றான்.

தரையில் உட்காருபவள்:

இந்த விடைக்கு என்னிடம் இருக்கிற எந்தச் சோதனையிலும் மதிப்பெண் கட்டம் கிடையாது. புதன்கிழமை அவனைச் சாப்பிட வைத்துவிட்டு அழைத்துப் போங்கள்.